ரிப்போர்ட் சொல்வதும் முதுகு சொல்வதும்

ஜெர்மனியின் உல்ம் நகரில், 1990-களின் இறுதியில், 45 வயதுக்காரர் ஒருவர் தன் முதுகுத்தண்டுக்குள் ஒரு கருவியைச் செருகச் சம்மதித்தார். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அழுத்தமானி. இடுப்புப் பகுதியில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்கின் நட்டநடுவில் அதைப் பொருத்தினார்கள். சுமார் 24 மணி நேரம் மனிதர் அதோடு நின்றார், நடந்தார், படியேறினார், ஓடினார், தும்மினார், தூங்கவும் தூங்கினார். ஹான்ஸ் யோவாக்கிம் வில்கே தலைமையிலான குழு 1999-இல் அந்த அளவுகளை வெளியிட்டது.

நிமிர்ந்து நிற்கும்போது டிஸ்க்குக்குள் இருந்த அழுத்தம், கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைப்போல இரண்டு மடங்கு. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது பத்து மடங்கு. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது: விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்ததைவிட, நாற்காலியில் சாய்ந்து தளர்ந்து உட்கார்ந்தபோது அழுத்தம் ஏறக்குறையப் பாதிதான். ‘கூன் போடாதே, நேரா உட்கார்’ என்று பிள்ளைகளை அதட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இரவில் நடந்ததும் சுவாரசியமானது. படுத்த சற்று நேரத்தில் மிகக் குறைவாக இருந்த அழுத்தம், விடிவதற்குள் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. பகலெல்லாம் பிழியப்பட்ட டிஸ்க், படுத்திருக்கும் நேரத்தில் தண்ணீரை உறிஞ்சிப் புடைக்கிறது. காலையில் நாம் எல்லோருமே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடி எழுவதற்கு இதுதான் காரணம். பல் தேய்த்து வாய் கொப்பளிக்கக் குனியும் நொடியில் சுருக்கென்று பிடித்துக்கொள்வதற்கும் இதில் பங்கு உண்டு. எழுந்ததும் முதல் ஓரிரு மணி நேரம் ஆழமாகக் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட வலி குறைந்ததாக 1998-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குடத்தைத் தூக்குவதையும் வாசல் பெருக்குவதையும் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். காசு செலவில்லாத வைத்தியம்.

நம் முதுகுத்தண்டில் 23 டிஸ்க்குகள். வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே கூழ். வளர்ந்தவர்களின் டிஸ்க்கில் வெளிவிளிம்பைத் தவிர வேறெங்கும் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அதற்குச் சாப்பாடு. அதனால் அது மெதுவாக உலர்கிறது, மெதுவாகவே ஆறுகிறது. நார் வளையம் கிழிந்து கூழ் பிதுங்கினால் பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரைத் தொடும். இடுப்பில் இது பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் நடக்கிறது. வலி பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரை மின்சாரம்போல ஓடும். கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு இடையே நடந்தால் தோள்பட்டை, கை, விரல் என்று இறங்கும்.

டிஸ்க் இப்படிப் பிதுங்குவதைக் கண்டுபிடித்ததே சமீபத்தில்தான். 1934 வரை அறுவைச் சிகிச்சையில் அகப்பட்ட இந்தத் துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே மருத்துவர்கள் நினைத்து வந்தார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இருவர்தான் அது கட்டியல்ல, கிழிந்த டிஸ்க்கின் பகுதி என்று நிறுவினார்கள். மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பின், முதுகு வலித்தால் ஏதோ ஒரு டிஸ்க் குற்றவாளியாக இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்ததும் குற்றவாளியைப் படம் பிடித்தும் காட்ட முடிந்தது.

படம் பிடித்ததில்தான் சிக்கல் தொடங்கியது. 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மேல் ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். இதுபோன்ற 33 ஆய்வுகளை, அதாவது வலியில்லாத 3,110 பேரின் படங்களை, 2015-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது: 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. நரைத்த முடியை யாரும் நோயாக எழுதுவதில்லை. இதை மட்டும் எழுதித் தருகிறோம்.

சுமை தூக்கியதால்தான் தேய்ந்தது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலவீனமே. ஃபின்லாந்தில் 115 ஜோடி ஒத்த உருவ இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். வேலை, வாகனம் ஓட்டுதல், உடற்பயிற்சி என வாழ்க்கை வேறுபட்டிருந்தும் அவர்களின் டிஸ்க்குகள் ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன. உழைப்பைவிட மரபணுவின் பங்குதான் பெரிது என்பது 1995-இல் வந்த முடிவு. ஆகவே அத்தனை வருஷம் மூட்டை தூக்கியவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

‘எல்4-எல்5 டிஸ்க் ப்ரொலாப்ஸ், நரம்பை அழுத்துகிறது’ என்ற வரியைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமிழப்பவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பிதுங்கிய டிஸ்க் பெரும்பாலும் தானே சுருங்கும். வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளையணுக்கள் வந்து தின்று தீர்க்கின்றன. விசித்திரம் என்னவென்றால், படத்தில் எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவு சுருங்க வாய்ப்பு. முழுவதும் துண்டாகிப் பிரிந்தவற்றில் 96 சதவீதம் சுருங்கின. லேசாகப் புடைத்தவற்றில் வெறும் 13 சதவீதம்தான். இதுவும் 2015-இல் வந்த தொகுப்பாய்வு.

அறுவைச் சிகிச்சை அப்படியானால் வீணா? இல்லை. நெதர்லாந்தில் கடுமையான கால்வலியோடு வந்த 283 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவைச் சிகிச்சை, இன்னொரு குழுவுக்குக் காத்திருத்தல். 2007-இல் முடிவு வந்தது. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகத் தணிந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையிலேயே பொறுக்கமுடியாமல் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுக்க முடிகிறதா, வேலை கெடுகிறதா என்பதை நோயாளியே எடைபோடலாம்.

சில அறிகுறிகளில் மட்டும் இந்த நிதானம் ஆகாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, கழுத்துவலியோடு கை தடுமாறிப் பொத்தான் போட முடியாமல் நடை தள்ளாடுவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, பழைய புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியின் கதை வேறு. டிஸ்க் ஆறியபிறகும் வலி ஆறாமல் நிற்கும். இது பொய்வலி அல்ல, மனப்பிரமையும் அல்ல. நரம்பு மண்டலம் அதிகமாக உஷாராகிவிட்ட நிலை. உஷார் எப்படி வலியை உண்டாக்கும் என்பதற்கு 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த 29 வயதுக் கட்டடத் தொழிலாளியின் சம்பவம் ஒன்றே போதும். கீழே குதித்தவரின் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு 15 சென்டிமீட்டர் ஆணி மேலே வந்திருந்தது. லேசாக அசைத்தாலே அலறினார். மயக்க மருந்து கொடுத்துப் பூட்ஸைக் கழற்றினார்கள். ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. ஒரு கீறலும் இல்லை. வலி நிஜம், காயம்தான் இல்லை.

அமெரிக்காவின் போல்டரில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இதே இழையைப் பிடித்தது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 151 பேர். ஒரு குழுவுக்கு நான்கு வாரம், ‘இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல’ என்று மூளைக்குப் பழக்கப்படுத்தும் உளவியல் பயிற்சி. அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு வலி ஏறக்குறைய மறைந்தது. வழக்கமான சிகிச்சையில் பத்தில் ஒருவருக்குத்தான். முதுகைவிடக் கால் அதிகம் வலிப்பவர்களை இதில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊரில் முதுகுவலிக்கு முதலில் கிடைப்பது ‘ரெஸ்ட்’. அப்புறம் பெல்ட். அப்புறம் எடை கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷன். அப்புறம் மெத்தையை மடித்துவைத்துவிட்டுக் கட்டாந்தரை. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995-இல் ஒப்பிட்டபோது, படுக்கையில் கிடந்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே முதலில் தேறினார்கள். ஸ்பெயினில் 313 பேரிடம் மெத்தைகளைச் சோதித்தபோது, கல்போன்ற மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ளதே நன்றாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்புவலிக்குப் பெல்ட்டும் ட்ராக்‌ஷனும் வேண்டாம் என்றே இருக்கிறது. கால்வலிக்குத் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரை, 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வில் வெறும் மாவு மாத்திரையை மிஞ்சவில்லை; தலைசுற்றல் மட்டும் கூடியது. ஆதாரமில்லாத நம்பிக்கைகளின் இந்தப் பட்டியலில் செல்போன் குனிவையும் வைக்கலாம். பிரேசிலில் 150 இளைஞர்களிடம் தேடிப் பார்த்தும் அதற்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

நடைக்குத்தான் இப்போது நல்ல சாட்சி இருக்கிறது. முதுகுவலி வந்து தேறிய 701 பேரை ஆஸ்திரேலியாவில் பின்தொடர்ந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை என்று படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பிவர 208 நாட்கள் ஆயின. இந்தப் பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாட்கள். 2024-இல் வந்த முடிவு இது.

நாள்பட்ட வலியோடு வீட்டுவேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட நுணுக்கமான தந்திரம் ஒன்று தேவைப்படுகிறது. ‘இன்னைக்கு வலியே இல்லை’ என்று ஒருநாள் பரணை ஒழித்து, ஜன்னல் துடைத்து, மாவும் ஆட்டிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது பலருக்கும் வழக்கம். பிசியோதெரபிஸ்டுகள் சொல்வது, வலியைப் பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. அடுப்படியில் 20 நிமிடம் நின்றால் வலி வருமென்றால் 15-ஆவது நிமிடமே உட்கார்ந்துவிட வேண்டும், வலிக்காவிட்டாலும். நல்ல நாளிலும் 15, கெட்ட நாளிலும் 15. அடுத்த வாரம் 17. அலுப்பான கணக்குதான். ஆனால் நரம்பு மண்டலத்தின் உஷார் மெல்ல இறங்குவது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997-இல் இன்னும் துணிச்சலாக இறங்கியது. முதுகுவலி என்றால் படுக்காதீர்கள், நடமாடுங்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரமே செய்தது. மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் வந்து பேசினார்கள். முதுகுவலிக்காகத் தொழிலாளர்கள் கேட்ட இழப்பீட்டு விண்ணப்பங்கள் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. விளம்பரம் போடாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் எண்ணம் மாறவில்லை. விக்டோரியாவின் பொது மருத்துவர்கள் படுக்கை ஓய்வை எழுதித் தருவதும் குறைந்தது. பிரசாரம் முடிந்து நான்கரை ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும் அந்த மருத்துவர்கள் பெரும்பாலும் புதிய கருத்திலேயே இருந்தார்கள்.