அனுப்புநர் பெயரில்லா மின்னஞ்சல்

மின்னஞ்சலிலும் உறை வேறு, உள்ளிருக்கும் மடல் வேறு. சேக்காட்டிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு விடுத்த மின்னஞ்சல், முகவரிப் பிழையால் சேரவில்லை. உடனே ஓர் அறிவிப்பு அவரிடம் திரும்புகிறது. அவ்வறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாகவே இருக்கும். காரணம் யாது? அதுவும் சேராவிடில், அறிவிப்புக்கு அறிவிப்பு என முடிவின்றிச் சுழலுமன்றோ! ஆதலின் அவ்விடத்தை வெறுமையாகவே விடவேண்டும் என்பது இணையப் பொறியியல் பணிக்குழு 2008இல் வெளியிட்ட விதி.

மடலின் தலைப்பிலோ அனுப்புநர் முகவரி கட்டாயம். அது விடுபட்டிருப்பின், மென்பொருள் தானாக ஒரு பெயரை இட்டு நிரப்புதல் தகாது; "அனுப்புநர் குறிப்பில்லை" என உள்ளவாறே காட்டுதல் வேண்டும். இட்டுக்கட்டிய பெயர் வஞ்சகர்க்குத் துணையாகும். வெற்றிடமோ நமக்கு எச்சரிக்கையாகும்.