மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு எதற்கு? ஆன்டிபயாடிக் வாங்கும் முன் இதைப் பாருங்க!

"அண்ணே, மூணு நாளா சளி, இருமல். ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

மெடிக்கல் ஷாப்களில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பாராசிட்டமாலோடு ரெண்டு அசித்ரோமைசினும் கவருக்குள் வந்துவிடும். ரெண்டு நாளில் சளி குறைந்தால், 'மாத்திரை வேலை செஞ்சிடுச்சு' என்று நினைப்போம். பெரும்பாலும் அந்தச் சளி தானாகவே குறைந்திருக்கும்.

சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சரி, சும்மா சாப்பிட்டா என்ன நஷ்டம்?

நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மருந்துக்கு அடங்குபவை செத்துவிடும். தாக்குப்பிடிப்பவை, இடம் காலியானதும் பெருகும். அதோடு விடாது. தப்பிக்கும் வித்தைக்கான மரபணுவை வேறு வகை பாக்டீரியாக்களுக்கும் கொடுத்துவிடும். நாளைக்கு சிறுநீர்த் தொற்றோ, ஆபரேஷன் செய்த இடத்தில் தொற்றோ வரும்போது அதே மருந்து கேட்காது. மாத்திரையில் முடிய வேண்டியது ஐசியு வரை போகலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் இதழ் ஆய்வு மதிப்பிட்டது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், இந்த ஆபத்தை 1945 நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார்!

இப்போ சிவப்புக் கோட்டுக்கு வருவோம். அட்டையின் பின்பக்கம் நீளவாக்கில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று அர்த்தம். மத்திய அரசு 2016ல் இதற்காகவே பிரசாரம் தொடங்கியது. கோடு போட்ட எல்லாமே ஆன்டிபயாடிக் இல்லை. ஆனால் சீட்டு அவசியம். செஃபிக்ஸிம் போன்ற சில மருந்துகளுக்கு 2014 முதல் 'ஹெச்1' விதியும் உண்டு. டாக்டர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் யாரும் சீட்டே கேட்பதில்லை என்பது வேறு கதை.

டாக்டர் எழுதிக் கொடுத்தால்? சொன்ன வேளை, சொன்ன அளவு, சொன்ன நாள். சில தொற்றுகளுக்கு இப்போது 3 அல்லது 5 நாளே போதும் என்கிறார்கள். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். காய்ச்சல் விட்டதும் நாமாக நிறுத்துவதும் தப்பு, 'இன்னும் ரெண்டு நாள் போடுவோம்' என்பதும் தப்பு.

போன முறை மிச்சமான நாலு மாத்திரை ஃபிரிட்ஜ் மேல டப்பாவில் இருக்கா? அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துடாதீங்க.