வெயிலில் தெரிய வேண்டிய பொத்தான்

கல்முனைக்குடிக் கடற்கரையில் உச்சி வெயில் நேரம் போனைக் கையில் எடுத்தால் திரையில் முதலில் தெரிவது நம்முடைய முகம். கண்ணைச் சுருக்கி, மறு கையால் நிழல் கட்டிப் பார்த்தால்தான் எழுத்துத் தெரியும். இளநீலப் பொத்தானில் வெள்ளை எழுத்து இருந்தால் அது அந்த வெளிச்சத்தில் கரைந்தே போயிருக்கும். மீன் விலையைக் குரல் பதிவாக அனுப்பும் வியாபாரிக்கும், கரைக்கு வந்ததும் கட்டாரில் இருக்கிற மகனோடு பேச நினைக்கும் மீனவருக்கும் இது அன்றாடச் சிரமம்.

அந்த நிறத்தைத் தேர்ந்தவர் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், பெரிய திரைக்கு முன்னால் இருந்து தேர்ந்திருப்பார். அங்கே அது அழகாகத்தான் இருந்திருக்கும். பொத்தானின் நிறத்தை அலங்கார வேலையாக நினைப்பதால் வரும் வினை இது. செயலியைச் செய்தவர், தான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பயன்படுத்துகிறவருக்குச் சொல்லி வைக்கும் வழிதான் பொத்தான். இங்கே அழுத்து, இதை அழுத்தினால் பணம் போகும், இதை அழுத்தினால் திரும்ப வராது என்பதையெல்லாம் எழுத்துக்கும் முன்னால் நிறமும் வடிவமும்தான் சொல்கின்றன.

அந்த நிறத் தீர்மானத்தை இன்று நம்முடைய பிள்ளைகளும் எடுக்கிறார்கள். ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சம்மாந்துறையிலுள்ள தன் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறது. வீட்டில் இருந்தே யூடியூப் பார்த்துச் செயலி எழுதப் பழகுகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்கு உரியது. அவர்களிடம் காசு கொடுத்துச் செயலி செய்விக்கும் கடைக்காரருக்கும் உரியது.

நிறம் மாறாத பொத்தான்

செயலி எழுதப் பழகுகிற பலர் தொடக்கத்திலேயே முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அன்ட்ரொயிட் ஸ்டூடியோவில் ஒரு பொத்தானை வைத்து, அதன் ‘பேக்ரவுண்ட்’ பண்பில் சிவப்பு நிறத்தைக் கொடுப்பார்கள். ஓட்டிப் பார்த்தால் பொத்தான் ஊதாவாகவே நிற்கும். காரணம் பொத்தானில் இல்லை, செயலி முழுவதன் தோற்றத்தையும் தீர்மானிக்கும் தீமில் இருக்கிறது. கூகுளின் மெட்டீரியல் தீமைப் பயன்படுத்தும்போது சாதாரணப் பொத்தான் மெட்டீரியல் பொத்தானாக மாறிவிடுகிறது. அது தீமின் முதன்மை நிறத்தைத் தன் மேல் சாயமாகப் பூசிக்கொள்கிறது. நாம் கொடுத்த சிவப்பு அந்தச் சாயத்தில் மறைந்துவிடும். ‘பேக்ரவுண்ட் டின்ட்’ என்ற பண்பில் நிறத்தைக் கொடுத்தால்தான் மாறும்.

செயலி எழுதும் இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவில் வேறு சிக்கல். அதன் ஆயத்தப் பொத்தானுக்கு ஒரு நிறத்தைக் கொடுத்தால் அன்ட்ரொயிட் போனில் பின்னணி மாறும், ஐபோனில் எழுத்து மாறும். மூலை வளைவையோ எழுத்தளவையோ மாற்ற அந்தப் பொத்தானில் வழியில்லை. ‘பிரஸ்ஸபிள்’ என்ற கூறை எடுத்து நாமே ஒரு பொத்தானைக் கட்ட வேண்டும். மூன்றாவது கருவியான ஃப்ளட்டரிலோ 2020 ஒக்டோபரில் வந்த 1.22 பதிப்பு எலிவேட்டட், டெக்ஸ்ட், அவுட்லைன்ட் என்று மூன்று புதிய பொத்தான்களைக் கொண்டுவந்தது. பழையவை பிறகு கைவிடப்பட்டன. நிறம், ஓரம், நிழல், இடைவெளி எல்லாம் ‘ஸ்டைல்’ என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்த மூன்று கருவிகளிலும் அடிபட்டுக் கற்கும் பாடம் ஒன்றுதான்: நிறத்தை ஒவ்வொரு பொத்தானிலும் போய்ப் பூசாதீர்கள், செயலி முழுவதற்கும் ஓரிடத்தில் தீர்மானியுங்கள். மருதமுனை நெசவாளி பாவு ஓட்டும்போதே சேலையின் நிறத்தை முடிவு செய்துவிடுகிறார். நெய்து முடித்த பிறகு சாயம் தீட்டுவதில்லை. செயலிக்குத் தீம்தான் பாவு. முதன்மை நிறம் எது, அதன் மேல் வரும் எழுத்தின் நிறம் எது, எச்சரிக்கை நிறம் எது என்பதை இணை இணையாக அங்கே வைத்துவிட்டால் முப்பது திரைகளும் ஒரே மொழி பேசும். 2019இல் அன்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 13 ஆகியவற்றோடு இருள்நிலை (டார்க் மோட்) வந்தது. 2021இல் அன்ட்ரொயிட் 12 போனின் பின்னணிப் படத்திலிருந்தே நிறங்களை எடுக்கத் தொடங்கியது. அங்கங்கே கையால் நிறம் பூசப்பட்ட செயலி இருள்நிலைக்கு மாறும்போது கறுப்பின் மேல் கறுப்பாகிப் படுத்துவிடும்.

வெளிச்சத்தின் கணக்கு

கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு. இணைய அணுகல்தன்மைக்காக உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிடும் வழிகாட்டிகள் இரு நிறங்களின் ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்கின்றன. வெள்ளையின் மேல் கறுப்பு 21:1, ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் 1:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். 2018இல் வந்த 2.1 பதிப்பு, பொத்தானை அடையாளம் காட்டும் ஓரங்களுக்கும் குறியீடுகளுக்கும் 3:1 வேண்டும் என்று சேர்த்தது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நமக்குப் பிடித்த பச்சையைப் பார்ப்போம். மெட்டீரியல் நிறத்தட்டில் 500 என்று எண்ணிட்ட பச்சை பல செயலிகளில் காணப்படுகிறது. அதன் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் 2.78தான். அதே வரிசையில் 800 என்ற கரும்பச்சையை எடுத்தால் 5.13. பச்சை பச்சையாகவே இருக்கிறது, எழுத்து மட்டும் படிக்கக்கூடியதாகிவிடுகிறது. கலப்பில்லாத சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து 4:1, மயிரிழையில் தோற்கிறது. மஞ்சளின் மேல் வெள்ளை 1.07, இருந்தும் இல்லாதது போல. அதே மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து 19ஐத் தாண்டும்.

வெயிலில் நிலைமை இன்னும் மோசமாகும். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் திரையின் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒரே அளவாகச் சேர்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் சுருங்குகிறது. கடற்கரையிலும் சந்தையிலும் முச்சக்கர வண்டியிலும் பயன்படப் போகும் செயலிக்கு 4.5 என்ற எல்லையில் நிற்பது போதாது. அதே வழிகாட்டிகளின் உயர் தரமான 7:1ஐ இலக்காக வையுங்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்று பாருங்கள்.

நிறம் தெரியாதவரும் நம் வாடிக்கையாளர்

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இந்தக் குறை உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பேர்க் இவர்களில் ஒருவர். அந்த நிறுவனத்தின் நீலத்துக்கு அவருடைய கண்ணே காரணம் என்பது 2010இல் வெளிவந்த செய்தி.

‘ஏற்கிறேன்’ பச்சை, ‘மறுக்கிறேன்’ சிவப்பு என்று மட்டும் வைத்தால் இவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே மங்கல் நிறம். அதனால் நிறம் சொல்வதை இன்னொன்றும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் சரி அடையாளம், மற்றதற்குப் பெருக்கல் அடையாளம், ஒன்று நிரப்பிய பொத்தான், மற்றது ஓரம் மட்டும் உள்ள பொத்தான். போனின் அமைப்புகளில் திரையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தால் உங்கள் செயலி இந்தச் சோதனையில் தேறுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

எழுத்து வாசிக்கத் தெரியாத மூத்தம்மாவுக்கு இதன் மறுபக்கம் பொருந்துகிறது. பச்சையை அமத்தினால் பேரன் பேசுவான், சிவப்பை அமத்தினால் நிற்கும் என்றுதான் அவர் போனைப் பழகியிருக்கிறார். அவருக்கு நிறமும் இடமும்தான் எழுத்து. அடுத்த பதிப்பில் அழகுக்காக அவற்றை இடம் மாற்றினால் அவர் கற்றதெல்லாம் வீணாகிறது.

விரலும் பொத்தானும்

ஆப்பிள் நிறுவனம் தொடும் இடம் 44 புள்ளிக்குக் குறையக்கூடாது என்கிறது. கூகுள் 48 டிபி என்கிறது, அதாவது சுமார் 9 மில்லிமீற்றர். இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதை எட்ட நேரம் கூடும் என்று உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார். மீன் அறுத்த கை, மா பிசைந்த கை, குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒற்றைக் கையால் போன் பிடிக்கும் உம்மா, இவர்களுக்காகவும்தான் அந்த அளவு. ‘அனுப்பு’ பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ‘அழி’ பொத்தானை வைக்காதீர்கள்.

பொத்தானுக்கு ஒரு தோற்றம் மட்டும் போதாது. அழுத்தத் தயார், அழுத்தப்பட்டது, வேலை நடக்கிறது, இப்போது அழுத்த முடியாது என்று நான்கு நிலைகளாவது வேண்டும். 0.1 வினாடிக்குள் மாற்றம் தெரிந்தால்தான் உடனே நடந்தது போல மனத்துக்குத் தோன்றும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதினார். சிக்னல் மெலிந்த நேரத்தில் ‘பணம் செலுத்து’ பொத்தான் அப்படியே நின்றால் மனிதர் மறுபடியும் அழுத்துவார். முதல் அழுத்தத்திலேயே பொத்தான் மங்கி, சுழலும் வட்டம் காட்டி, மறு அழுத்தத்தை ஏற்காமல் இருந்தால் இரண்டு தடவை காசு போகும் ஆபத்துப் பெரிதும் குறையும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7 மூலம் பொத்தான்களின் ஓரத்தையும் நிழலையும் கழற்றிவிட்டு வெறும் நிற எழுத்தாக்கியது. எது எழுத்து, எது பொத்தான் என்று பலருக்குத் தெரியவில்லை. 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பில் பொத்தானின் வடிவத்தைக் காட்டும் தெரிவை அணுகல் அமைப்புகளில் சேர்த்தார்கள்.

தமிழ் உட்காரும் இடம்

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இலங்கையின் அரசகரும மொழி. ஆனாலும் பொத்தானின் அளவை ஆங்கிலச் சொல்லுக்குத் தைத்துவிட்டுப் பிறகு தமிழை உள்ளே திணிக்கும் வழக்கம் போகவில்லை. ‘உறுதிப்படுத்து’ என்பது ‘உறுதிப்ப’ என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடுகிறது. கொம்பும் விசிறியும் தலையிலும் காலிலும் வெட்டுப்படுகின்றன.

இதற்கு வழி எளிது. உயரத்தை நிலையாகக் கட்டாமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். பக்கங்களில் இடைவெளி விடுங்கள். தேவையானால் எழுத்து இரண்டாம் வரிக்கு இறங்க அனுமதியுங்கள். வயதானவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அந்த அளவிலும் பார்த்துவிடுங்கள். முதலில் தமிழிலும் சிங்களத்திலும் வடிவமைத்துப் பார்த்தால் ஆங்கிலம் தானாக அடங்கிவிடும்.

ஊருக்கு ஒரு நிறம்

எந்த நிறமும் எல்லா ஊரிலும் ஒரே பொருள் தருவதில்லை. சீனாவின் பங்குச்சந்தைச் செயலிகளில் ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்குப் பச்சை. நமக்குப் பச்சை பள்ளிவாசலின் நிறம், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தின் நிறம். தேர்தல் காலத்திலோ பச்சை ஐக்கிய தேசியக் கட்சியையும் நீலம் சுதந்திரக் கட்சியையும் நினைவூட்டும். ஒரு கடைக்கான செயலிக்கு முதன்மை நிறம் தேர்கிறவர் இதையெல்லாம் கடைக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவருடைய பெயர்ப்பலகையின் நிறத்தையே எடுத்தால் வாடிக்கையாளர் பழகிய முகத்தைத் திரையிலும் காண்பார்.

நேர்மையின் நிறம்

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் இது. ‘சம்மதம்’ பளிச்சென்று பெரிதாக, ‘வேண்டாம்’ சாம்பலில் சிறிதாக ஒளிந்திருந்தால் அந்த நிறம் ஏமாற்றுகிறது. இணையத்தில் நம் நடமாட்டத்தைப் பதியும் குக்கிகளை ஏற்பது போல மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கொடுக்கல் வாங்கலில் அளவைக் குறைக்காதே என்று நமக்குச் சட்டப் புத்தகம் வந்துதான் சொல்ல வேண்டியதில்லை. மறுக்கும் பொத்தானையும் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது அதே ஒழுக்கம்தான்.

கூகுள் ஒரு காலத்தில் நீலத்தின் 41 சாயல்களை வைத்துச் சோதனை நடத்தியது. இப்படி ஒவ்வொன்றையும் எண்ணால் நிறுவச் சொல்லும் போக்குப் பிடிக்காமல் அதன் காட்சி வடிவமைப்புத் தலைவர் டக்ளஸ் போமன் 2009இல் விலகினார். கோடிக்கணக்கான மனிதர்களை நேரில் காண முடியாத நிறுவனத்துக்கு அந்த எண்கள் தேவைப்பட்டிருக்கலாம். கல்முனைக்குடியில் செயலி எழுதும் தம்பிக்கும் தங்கச்சிக்கும் அந்தத் தொலைவு இல்லை. அவர்களுடைய செயலியைப் பயன்படுத்தப் போகிறவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். போனை அவர் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அந்தப் பொத்தானைத் திருத்துங்கள். பெரிய நிறுவனங்கள் காசு கொட்டியும் பெற முடியாத அறிவு அது. உங்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது.