உங்களுக்குத் தெரியுமா?

கிரேக்க வீரன் அசுவத்தாமன் ஆன கதை

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோஃபக்ளிஸ் எழுதிய ‘ஏஜாக்ஸ்’ நாடகம், 1929இல் ‘அஸ்வத்தாமன்’ என்ற பெயரில் கன்னடத்துக்கு வந்தது. எழுதியவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பி.எம்.ஸ்ரீகண்டையா.

● ஏஜாக்ஸ்: டிராய் போரில் இறந்த சக வீரன் அக்கிலீஸின் ஆயுதங்கள் தனக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் தன் படைத்தலைவர்களையே கொல்லப் புறப்படுகிறான். அதீனா தேவி அவன் புத்தியை மயக்க, ஆடுமாடுகளை வெட்டிச் சாய்க்கிறான். தெளிந்ததும் அவமானம் தாங்காமல், எதிரி ஹெக்டர் பரிசளித்த வாளிலேயே பாய்ந்து உயிர்விடுகிறான்.

● அசுவத்தாமன்: தந்தை துரோணரை வஞ்சகத்தால் இழந்தவன். பழிவாங்க, உறங்கிக்கொண்டிருந்த பாண்டவப் பிள்ளைகளைக் கொன்றவன். மகாபாரதத்தில் அவனுக்குச் சாவே இல்லை. ஸ்ரீகண்டையாவோ அவனை ஏஜாக்ஸைப் போலவே மடியவைத்தார். சிரஞ்சீவியைச் சாகடித்த அந்தத் துணிச்சல்தான் நாடகத்தின் உயிர்.

● ஒற்றுமை: இருவருமே மாவீரர்கள். இருவரையும் வீழ்த்தியது எதிரியின் பலமல்ல, அவர்களுடைய அடங்காத சினம்.

● ஹனூர் பக்கம்: கர்நாடகத்தின் ஹனூர் வட்டத்து மாதேஸ்வரன் மலைச் சாமியின் கதையைக் கம்சாளே கலைஞர்கள் கையில் வெண்கலத் தாளம் தட்டிப் பாடுகிறார்கள். அந்தக் கதையில் வரும் அசுரன் சிரவணனும், தேவர்களையே சிறைவைத்த தன் செருக்காலேயே அழிகிறான். ஆனால் அவன் கொடுங்கோலன். அவன் அழிவு நமக்கு நிம்மதி தருகிறது. ஏஜாக்ஸின் முடிவோ நெஞ்சைப் பிசைகிறது. துன்பியல் நாயகனைத் தனித்துக் காட்டுவது அந்த இரக்கமே.