விலகுவதற்கும் ஒரு கெடு

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறுகிறது. இரு பெருங்கட்சிகளில் ஒன்றின் வேட்பாளராக முயலும் ஒருவர், கட்சிக்குள் தமக்கு வழியில்லை என்பதை உணர்கிறார். கட்சிக்கு வெளியே தமக்கு ஆதரவு இருப்பதாகவோ கருத்துக்கணிப்புகள் கூறுகின்றன. விலகிச் சுயேச்சையாக நிற்பாரா என்று செய்தியாளர்கள் கேட்கத் தொடங்குகின்றனர். 2023 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியில் களமிறங்கிய ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று ஃபிலடெல்ஃபியா நகரில் தம்மைச் சுயேச்சை வேட்பாளராக அறிவித்தது இவ்வரிசையில் அண்மைய நிகழ்வு.

நம் நாட்டில் இத்தகைய முடிவு மனத்தாங்கலின் விளைவாகவே பார்க்கப்படுகிறது. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணி வரை யோசிக்கலாம். மக்களவைத் தொகுதி ஒன்றில் சுயேச்சையாக நிற்பதற்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். 25,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். அவ்வளவுதான். 1996-இல் மொடக்குறிச்சி சட்டப்பேரவைத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்று, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். இங்கு நுழைவாயில் அகலமானது. அமெரிக்காவில் அப்படியில்லை.

அந்நாட்டில் நம்முடையதைப் போன்ற ஒரே தேர்தல் ஆணையம் கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. அது பணத்தைப் பற்றிய விதிகளை மட்டுமே கவனிக்கிறது. வாக்குச்சீட்டில் யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. 50 மாநிலங்கள், அவற்றோடு தலைநகர் வாஷிங்டன்; ஆக, 51 வாக்குச்சீட்டுகள், 51 கெடு நாள்கள், கையெழுத்து எண்ணிக்கைக்கு 51 விதிகள். பெருங்கட்சியின் வேட்பாளருக்குக் கட்சியின் பெயரே அனுமதிச் சீட்டு. சுயேச்சையோ ஒவ்வொரு வாயிலிலும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒரு மனிதரை எப்படிச் சுற்றி வளைக்கும் என்பதற்கு ஜான் ஆண்டர்சனின் 1980-ஆம் ஆண்டு அனுபவத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. அப்போது நான் முதுகலைப் பொருளாதாரம் பயின்றுகொண்டிருந்தேன். ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து கச்சா எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. பெட்ரோல் மீது வரி விதிப்பேன் என்று சொல்லி ஒருவர் அமெரிக்காவில் வாக்குக் கேட்கிறார் என்ற செய்தியை நூலகத்தில் படித்தபோது, அச்சுப் பிழையோ என்றுகூட எண்ணினேன்.

பிழையில்லை. ஒரு கேலன் பெட்ரோல் ஒன்றேகால் டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்தபோது, கேலனுக்கு 50 சென்ட் வரி விதிக்க வேண்டும் என்றார் ஆண்டர்சன். அதில் திரளும் தொகையைக்கொண்டு, ஊழியர்கள் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு வரியைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது அவரது திட்டம். நுகர்வைக் குறைக்க வேண்டிய பொருளுக்கு வரி, உழைப்புக்கு வரிக் குறைப்பு. எந்தப் பொருளாதாரப் பாடநூலும் இதைப் பாராட்டும். எந்தக் கட்சி மேலாளரும் இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்.

அவர் அரசியலுக்குப் புதியவர் அல்லர். இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டு பகுதியிலிருந்து 1961 முதல் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர். அவையில் அக்கட்சி உறுப்பினர்கள் குழுவின் தலைவராகப் பத்தாண்டுகள் இருந்தவர். 1980 ஜனவரியில் வேளாண் மாநிலமான அயோவாவில் நடந்த விவாதத்தில், சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் விதித்த தடையை மேடையிலிருந்த குடியரசுக் கட்சியினரில் அவர் ஒருவர் மட்டுமே ஆதரித்தார். விவசாயிகள் முன்னிலையில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

மார்ச் 4 அன்று மாசசூசெட்ஸ் உள்கட்சித் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றார், ரீகன் மூன்றாமிடம். வெர்மான்ட்டிலும் ரீகனை நெருங்கி வந்தார். நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால், அவரை விரும்பியவர்களில் பெரும்பகுதியினர் எக்கட்சியையும் சாராதவர்களும் ஜனநாயகக் கட்சியினரும்தான். பல மாநிலங்களில் ஒரு கட்சியின் உள்கட்சித் தேர்தலில் அக்கட்சி வாக்காளராகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். அவரது வாக்காளர்கள் ஓரிடத்தில் இருக்க, அவர் போட்டியிட்ட களம் வேறிடத்தில் இருந்தது.

மார்ச் 18 அன்று சொந்த மாநிலமான இல்லினாயிலேயே ரீகனிடம் தோற்றார். ஒஹாயோ மாநிலத்தில், நவம்பர் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனுச் செய்யக் கடைசி நாள் மார்ச் 20. இடையில் இருந்தவை இரண்டு நாள்கள்!

இருபதாண்டு காலம் தாம் இருந்த கட்சியை விட்டு விலகுவதா என்பதை முடிவு செய்ய ஒருவருக்கு எவ்வளவு காலம் தேவைப்படும்? கட்சியின் வேட்பாளர் யார் என்பதே அப்போது உறுதியாகவில்லை. குடியரசுக் கட்சி மாநாடு ஜூலையில், ஜனநாயகக் கட்சி மாநாடு ஆகஸ்டில். யாரை எதிர்த்து நிற்கப்போகிறோம் என்று தெரியுமுன்பே, நிற்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஒஹாயோவின் சட்டம். பெருங்கட்சிகளோ தம் வேட்பாளரைக் கோடைக்காலம் முழுவதும் யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம்.

பொருளாதாரத்தில், காத்திருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று கற்பிக்கிறோம். விவரம் கூடக்கூட முடிவின் தரம் உயரும். காத்திருப்பதற்கான உரிமையைச் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்கு மறுத்தால், அது வெறும் நடைமுறை விதி ஆகாது. நுழைவுத் தடை ஆகும். தொழில் தொடங்க உரிமம் பெறும் நடைமுறையை, ஏற்கெனவே தொழில் நடத்தும் இருவரே வகுத்தால் எப்படியிருக்கும்? மாநிலச் சட்டமன்றங்களில் அமர்ந்து இக்கெடுக்களை விதித்தவர்கள் அவ்விரு கட்சியினர்தாம்.

ஆண்டர்சன் ஏப்ரல் 1 விஸ்கான்சின் தேர்தல் வரை பார்த்தார், அங்கு மூன்றாமிடம். ஏப்ரல் 24 அன்று விலகலை அறிவித்தார். அதற்குள் ஒஹாயோ மட்டுமன்றி வேறு சில மாநிலங்களிலும் கெடு முடிந்திருந்தது. மே மாதத்தில் அவரது ஆதரவாளர்கள் ஒஹாயோவில் ஏறத்தாழ 14,500 கையெழுத்துகளை ஒப்படைத்தனர். சட்டம் கேட்டது 5,000 மட்டுமே. ஆனாலும், காலம் கடந்துவிட்டதென மனு நிராகரிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்ற ஆணையால்தான் அங்கு அவர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியது. இறுதியில் 50 மாநிலங்களிலும் தலைநகரிலும் இடம்பெற்றுவிட்டார். அதற்குச் செலவான பணமும் வழக்குரைஞர்களின் உழைப்பும், வாக்காளரைச் சந்திக்கச் செலவாகியிருக்க வேண்டியவை.

பணத்தின் கதை இன்னும் சுவையானது. அவ்வாண்டு இரு பெருங்கட்சி வேட்பாளர்களுக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து தலா 2.94 கோடி டாலர் முன்கூட்டியே வழங்கப்பட்டது. சுயேச்சைக்கு முன்பணம் இல்லை. தேர்தல் முடிந்து 5 சதவீத வாக்குப் பெற்றிருந்தால், பின்னர் ஒரு பங்கு கிடைக்கும். தனிநபரிடம் அதிகபட்சம் 1,000 டாலர்தான் நன்கொடை பெறலாம் என்பதும் விதி. வரப்போகும் தொகையைக் காட்டி வங்கிகளிடம் கடன் கேட்டார். 5 சதவீதம் கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று வங்கிகள் தயங்கின. ஆதரவாளர்களிடமே சிறு சிறு தொகைகளாகக் கடன் வாங்க நேர்ந்தது.

ஜூன் மாதக் கருத்துக்கணிப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அவரை ஆதரித்தனர். செப்டம்பரில் நடந்த விவாதத்துக்கு, 15 சதவீத ஆதரவு வேண்டும் என்று மகளிர் வாக்காளர் சங்கம் விதித்த தகுதியைப் பெற்றிருந்தார். அவருடன் மேடையேற மாட்டேன் என்று கார்ட்டர் வரவில்லை. ரீகனுடன் மட்டும் விவாதித்தார். அக்டோபர் 28 விவாதத்தின்போது ஆதரவு 15 சதவீதத்துக்குக் கீழே போயிருந்ததால், அழைப்பே இல்லை. ஆதரவு குறைந்ததால் மேடை பறிபோனது. மேடை இல்லாததால் ஆதரவு மேலும் குறைந்தது.

ஏன் குறைந்தது? ஹரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியல் அறிஞர் 1929-இல் எழுதிய கட்டுரையை மெரீனா கடற்கரையை வைத்து விளக்குவது என் வழக்கம். நீண்ட கடற்கரையில் இரண்டு சுண்டல் வண்டிகள் இருந்தால், இரண்டும் நடுவில் வந்து அருகருகே நிற்கும். கட்சிகளும் அப்படித்தான் என்பார் ஹோட்டலிங். மூன்றாவது வண்டிக்காரர் அவ்விரண்டுக்கும் நடுவில் வந்து நின்றால், இரு பக்கமும் நெருக்கப்படுவார். வலப்பக்கம் ரீகன், இடப்பக்கம் கார்ட்டர் என்றிருக்க, ஆண்டர்சன் நின்ற இடம் அதுதான். அத்தோடு, ஜெயிக்க மாட்டார் என்று தோன்றிய கணத்தில், அவருக்குப் போடும் வாக்கு வீண் என்ற அச்சம் வாக்காளரைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த அச்சம் ஆதாரமற்றதும் அன்று. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேருகின்றனர். 1992-இல் ராஸ் பெரோ 18.9 சதவீத வாக்குப் பெற்றும், 538 தேர்வாளர்களில் ஒருவரைக்கூடப் பெறவில்லை. 1968-இல் ஜார்ஜ் வாலஸ் 13.5 சதவீதமே பெற்றார். தென்மாநிலங்களில் அவரது ஆதரவு குவிந்திருந்ததால், 46 தேர்வாளர்கள் கிடைத்தனர். நாடெங்கும் பரவலாக விரும்பப்படுபவருக்கு ஒன்றுமில்லை, ஒரு மூலையில் கொண்டாடப்படுபவருக்குப் பங்கு உண்டு என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றளவும் உடன்பாடில்லாத ஒன்று. (1969-இல் வி.வி. கிரி நம் நாட்டில் சுயேச்சையாக நின்று குடியரசுத் தலைவர் ஆனதை இங்கே ஒப்பிட முடியாது. அங்கு வாக்களித்தவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், இந்திரா காந்தியின் ஆதரவும் பின்னணியில் இருந்தது.)

நவம்பரில் ஆண்டர்சனுக்கு 57 லட்சம் வாக்குகள், 6.6 சதவீதம். தேர்வாளர் எவரும் இல்லை. கார்ட்டரைத் தோற்கடித்தவர் அவர்தான் என்று சிலர் குறை கூறினர். ரீகன் 50.7 சதவீதம் பெற்றிருக்கும்போது, நாடு தழுவிய அளவில் அக்குற்றச்சாட்டு நிற்காது. மாசசூசெட்ஸில் மட்டும் நிற்கும். அங்கு ரீகன் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றார். ஆண்டர்சன் பெற்றவை 3.8 லட்சம்.

ஒருமுறை வகுப்பில் இதை விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: 'ஐயா, தோற்பது தெரிந்த பிறகாவது அவர் விலகியிருக்கலாமே?' கேள்வி நியாயமானது. ஆனால், விலகியிருந்தால் 5 சதவீதம் கிடைத்திருக்காது. கிடைக்காவிட்டால் ஆதரவாளர்களிடம் வாங்கிய கடனை அடைக்க வழியில்லை. தேர்தலுக்குப் பிறகு வந்த 42 லட்சம் டாலர்தான் அவரைக் காத்தது. கட்சியை விட்டு வெளியேறுவதற்கு ஒரு கெடு இருந்தது. போட்டியை விட்டு வெளியேறுவதற்கோ வழியே இல்லாமற்போனது.

பின்வந்தவர்களுக்கும் இக்கெடுக்கள் வேறு வேறு வடிவில் காத்திருந்தன. நியூ மெக்சிகோ முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன், 2011 இறுதியில் குடியரசுக் கட்சியிலிருந்து விலகி லிபர்டேரியன் கட்சிக்குச் சென்றார். உள்கட்சித் தேர்தலில் பெயர் இருந்தவர் வேறு கட்சியின் பெயரில் மீண்டும் நிற்கக் கூடாது என்ற சட்டம் மிச்சிகனில் உண்டு. உள்கட்சிப் போட்டியிலிருந்து விலகும் அவரது கடிதம் மூன்று நிமிடம் தாமதமாகச் சேர்ந்ததால், 2012 நவம்பரில் அம்மாநில வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. கென்னடி ஜூனியரின் கதை நேர்மாறானது. 2024 ஆகஸ்ட் 23 அன்று போட்டியை நிறுத்தி டிரம்ப்பை ஆதரித்தார். தம் பெயரை நீக்கக் கோரியும், அதே மிச்சிகனில் அவர் பெயர் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது.

ஒஹாயோ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1983 ஏப்ரல் 19 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆண்டர்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தேர்தல் ஆண்டில் மார்ச் மாதத்துக்குப் பிறகு எழும் பிரச்னைகளும் வேட்பாளர்களும் வாக்காளரைச் சென்றடையும் வழியை இத்தனை முன்கூட்டிய கெடு அடைத்துவிடுகிறது என்றார், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ். கையெழுத்து எண்ணிக்கை விதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. 1984-இல் ஆண்டர்சன் போட்டியிடவில்லை; ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேலை ஆதரித்தார்.