ஐம்பத்தேழு வயதில் ஒரு படிவம்

கிளிவெட்டியில் மேசன் வேலை செய்யும் எனது வாப்பா, சென்ற வருடம் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அவர் படுத்திருந்த மூன்று மாதமும் வீட்டுக்கு வருமானமில்லை. இலவச வைத்தியம் நோயைப் பார்க்கும், அடுப்பைப் பார்க்காது.

அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. சொந்தமாக உழைப்பவருக்கு? அவர்களுக்காகவே 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை உருவானது. 18 முதல் 59 வயது வரை சேரலாம். 60 வயதிலிருந்து ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் கிடைக்கும்.

கட்டவேண்டிய தொகை, சேரும் வயதையும் நாம் தெரிவுசெய்யும் ஓய்வூதியத்தையும் பொறுத்தது. 20 வயதில் சேர்பவருக்குக் கட்டி முடிக்க 40 வருடங்கள் இருக்கின்றன. 57இல் சேர்பவருக்கு மூன்றே வருடங்கள். ஆகவே அதே ஓய்வூதியத்துக்கு அவர் கட்டும் தவணை மிக அதிகம்.

"இப்ப என்னத்துக்கு மகள்? காலம் போயிட்டு" என்றார் வாப்பா. படிவம் வாசிப்பது அவருக்குக் கஷ்டம். அதைச் சொல்ல வெட்கம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மூதூர் பிரதேச செயலகத்துக்கு நானே கூட்டிப்போனேன். கட்டக்கூடிய சிறிய தொகையைத் தெரிவுசெய்து, படிவத்தை நிரப்பினேன். வாப்பா மெதுவாகக் கையொப்பமிட்டார். பிறகு, "நானாவுக்கும் ஒண்டு கேளு" என்றார். நானாவுக்கு வயது 22.

தோழிகளே, உங்கள் வாப்பாவுக்கு என்ன வயது? இன்றே கேளுங்கள்.