எஸ்.இ.ஓ. கொட்டேஷனின் வயதைக் கணிப்பது

அடையாறில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம், தி.நகர் துணிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் தேடலில் முன்னுக்கு வர எஸ்.இ.ஓ. ஆட்களிடம் கொட்டேஷன் கேட்டால் பத்துப் பக்கம் வரும். அதை எடைபோட புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. சில சொற்களின் வயது தெரிந்தால் போதும்.

'மெட்டா கீவேர்டு சேர்ப்போம்' என்றிருந்தால் அங்கேயே மடித்து வைத்துவிடலாம். பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் அந்தச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. பக்க வேகத்துக்கு 'எஃப்.ஐ.டி.' அளவைக் காட்டினாலும் சந்தேகப்படுங்கள். பயனர் முதல்முறை தொட்டதும் ஏற்படும் தாமதத்தை மட்டும் பார்த்த அளவு அது. 2024 மார்ச்சில் அதன் இடத்துக்கு 'ஐ.என்.பி.' வந்தது. பக்கத்தில் இருக்கும்வரை அவர் தொடும் ஒவ்வொன்றுக்கும் பக்கம் எவ்வளவு சுருக்காக அசைகிறது என்று இது பார்க்கும்.

'மாதம் 500 பேக்லிங்க்' என்பதுதான் பெரிய பொறி. பிற தளங்கள் தரும் இணைப்பைச் சாட்சியாகக் கொள்வது கூகுளின் ஆதி யோசனை. ஆனால் யாருடைய சாட்சி? சென்னை ஐஐடியில் படித்து, பின்னாளில் கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத், ஜார்ஜ் மிஹைலாவோடு சேர்ந்து 'ஹில்டாப்' என்ற முறையை வகுத்தார். துறையறிந்த, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பக்கங்களின் இணைப்பையே அது எண்ணியது. மயிலாப்பூரில் வரன் விசாரிப்பவர்கள் பையனின் சித்தப்பாவிடமா கேட்பார்கள்? 2012இல் வந்த 'பெங்குவின்' மாற்றத்துக்குப் பிறகு, காசுக்கு வாங்கிய இணைப்புகள் தளத்தையே கீழே இழுத்தன.

புதுச் சொற்களைக் கண்டும் மயங்க வேண்டாம். 'ஏ.ஐ. மூலம் மாதம் நூறு கட்டுரை' என்பது நேற்றைய சரக்கு போலத் தெரியும். உள்ளே இருப்பது பழைய கீவேர்டு திணிப்புதான். தரவரிசைக்காக மட்டும் குவிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச் முதல் கூகுள் ஸ்பேமாக நடத்துகிறது. மறுபக்கம், தெளிவான தலைப்பு, பக்கங்களுக்கிடையே ஒழுங்கான இணைப்பு போன்ற பழைய வேலைகள் இன்றும் செல்லும். அவற்றை ஓரங்கட்டும் கொட்டேஷனை நான் நம்பமாட்டேன்.

2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த ஏ.ஐ. ஓவர்வியூ, பதிலைத் தேடல் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. ஆகவே 'எத்தனையாவது இடம்' என்பதோடு நிற்காமல், எத்தனை பேர் டெமோ கேட்டார்கள் என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கணக்கை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, வேலைக்கு வருபவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.